முந்தானையைப் பிடித்த சுறா

கால் போகவில்லை டீச்சர். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். என் பேத்தி நந்தினிக்கு இரண்டு காலும் இருக்கின்றன. இரண்டிலும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறாள்.

பால் ஊற்றுகிறவர் யாரிடமோ சொன்னாராம், நம் கோம்பை ஊர்ப் பிள்ளை ஒன்றை அந்தமானில் சுறா கடித்துவிட்டது என்று. அந்தச் சேதி பஸ் ஏறித் தேவாரம் போவதற்குள் ஒரு காலைத் தின்றுவிட்டது. நேற்று தேவாரத்திலிருந்து என் நாத்தனார் போனில் ஒப்பாரியே வைத்துவிட்டாள். "மதினி, ரெண்டு காலும் போயிருச்சாமே! கட்டிக் குடுக்க வேண்டிய புள்ளைக்கா இப்பிடி?" என்கிறாள். இதை இப்படியே விட்டால் உத்தமபாளையம் போவதற்குள் உயிரும் போய்விடும். பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் வந்து இறங்கினால் நான் எத்தனை பேருக்கு உலை வைப்பது?

இந்த வாரம் என் கல்யாணக் கதையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அது கிடக்கட்டும். இத்தனை வருஷம் பழையதாகிப்போன கல்யாணம், இன்னும் கொஞ்சம் பழையதானால் கெட்டுவிடாது. எதிர்வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி வந்து, நான் பேசுவதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து பெருவிரல் ரேகை. அதனால் இதையும் விடாமல் எழுதுங்கள்.

முழங்கால் தண்ணீர்

நடந்தது இதுதான். காலை பத்து மணி இருக்கும். கடலில் முழங்கால் ஆழத்தில் நிற்கிறேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. என் கால் விரல் நகத்தில் இருக்கிற மருதாணி மேலே நின்று பார்த்தால் தெரிகிறது. அடியில் ரவை போல வெள்ளை மணல். பக்கத்தில் நந்தினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் பாதத்தில் குளுகுளுவென்று இருக்கிறது, தலையில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

அப்போது எனக்கு முன்னால் நிழல் மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. மீன்தான். ஆனால் மூன்று முழம் நீளம். முதுகுத் துடுப்பின் நுனி மட்டும் கண்மையில் தொட்டு எடுத்தது போலக் கறுப்பு.

"அப்பத்தா, அசையாம நில்லு," என்றாள் நந்தினி. அவள் குரலில் பயம் இல்லை. சிரிப்பும் இல்லை.

நான் அசையாமல் நின்றேனா? அதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பள்ளத்தாக்கில் கிடந்தவள் அங்கே எதற்குப் போய் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

முருகேசன் போட்ட உத்தரவு

நந்தினி என் மூத்த மகன் முருகேசனுக்கு ஒரே பிள்ளை. தூத்துக்குடியில் மீன்களைப் பற்றித்தான் படித்தாள். படித்து முடித்து ஏதாவது ஒரு ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்காருவாள் என்று நினைத்தோம். அவள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குகிறாள். வெளியூர்களிலிருந்து வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு முங்குகிறாள். அதுதான் வேலை. அந்தமானில் ஒரு சின்னத் தீவில் வீடு எடுத்து இருக்கிறாள்.

முருகேசனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தென்னந்தோப்பில் காட்டுப்பன்றி புகுந்தால் கையில் தடியோடு தனியாகப் போகிறவன். அவனுக்கு யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டார்கள். சுறா வாயைத் திறந்துகொண்டு வருகிற வீடியோ. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு வேலையை விட்டுவிட்டு வா என்றான். அவள், "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்கப்பா, கேட்டுக்கிறேன்," என்றாள்.

அவனால் போக முடியவில்லை. கொடியில் திராட்சை பழுத்து நிற்கிறது. வெட்டுக்கு ஆள் வரச் சொல்லியாகிவிட்டது. அதனால் என்னைக் கூப்பிட்டான்.

"ஆத்தா, நீ போயிப் பாரு. ஒண்ணும் பயமில்லன்னு நீ சொன்னா அவ அங்கனயே இருக்கட்டும். ஒனக்கு வவுத்தக் கலக்குச்சுன்னா மறுபேச்சு கெடையாது. கையோட கூட்டிட்டு வந்துரு."

"வரமாட்டேன்னு சொன்னா?"

"ஒஞ்சொல்ல அவ தட்டமாட்டா."

அதுதான் டீச்சர் சங்கடம். தட்டமாட்டாள். நான் வா என்றால் வந்துவிடுவாள். ஒரு பிள்ளை ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட பிழைப்பு என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. விமானத்தில் பக்கத்தில் இருந்த அம்மாள் மேகத்தைப் பாருங்கள் என்று காட்டினாள். மேகமலையில் பார்க்காத மேகமா? நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

நாங்கள் தின்ற சுறா

சுறா எனக்குப் புதிது இல்லை. கருவாடாகத் தெரியும். முருகேசனைப் பெற்றுப் போட்டிருந்தபோது பால் சரியாகச் சுரக்கவில்லை. என் மாமியார் சந்தைக்குப் போய், தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிற கருவாட்டுக்காரரிடம் பால் சுறா வாங்கி வந்தார். ஊறவைத்து, அவித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் அள்ளிப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தார். வாசனை மூன்று வீடு தாண்டிப் போகும். ஒன்பது நாள் தின்றேன். முருகேசன் கொழுகொழுவென்று ஆனான்.

இதைத் தீவுக்குப் போன முதல் நாளே நந்தினியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாத்தியா அப்பத்தா? எங்கப்பா குடிச்ச பாலே சுறா குடுத்தது. அவரு அதப் பாத்துப் பயப்படுறாரு. அதுதான் நம்மளப் பாத்துப் பயப்படணும். அது நம்மளக் கடிச்சதவிட நாம அதத் தின்னதுதான் ரொம்ப ரொம்ப அதிகம்."

"அப்ப கடிக்கவே கடிக்காதா?"

"கடிக்கும். பெரும்பாலும் ஆளுன்னு தெரிஞ்சு கடிக்காது. மீனுன்னு நெனச்சுக் கடிச்சுப் பாக்கும். அப்பிடி நெனைக்க விடாம இருக்கிறதுதான் எங்க வேலையே."

பிறகு வரிசையாகச் சொன்னாள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இறங்கக்கூடாது. அது அதற்குச் சாப்பாட்டு வேளை. கலங்கின தண்ணீரில் இறங்கக்கூடாது. தனியாகப் போகக்கூடாது. பறவைகள் கூட்டமாகக் கடலில் பாய்ந்து பாய்ந்து விழுந்தால் அங்கே மீன் மொய்க்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. உடம்பில் எங்கேயாவது ரத்தக் காயம் இருந்தால் கரையிலேயே உட்கார வேண்டும்.

"மினுக்குற நகையும் கூடாது. வெயில்ல மின்னுச்சுன்னா அதுக்கு மீன் செதில் மாதிரி தெரியும். மூக்குத்தியக் கழட்டு."

என் மூக்குத்தியைப் போட்டுவிட்ட ஆசாரி காலமாகியே ரொம்ப வருஷம் ஆயிற்று. திருகு மூக்கோடு மூக்காக ஒட்டிவிட்டது. நந்தினி எண்ணெய் விட்டுப் பார்த்தாள், சோப்புப் போட்டுப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர்தான் கொட்டியது. கடைசியில் மூக்கின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். சண்டையில் கடிபட்டவள் மாதிரி இருந்தேன்.

"நைட்டி போட்டுக்க அப்பத்தா," என்றாள் அடுத்து. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுறா முன்னாலேயானாலும் சேலையில்தான் நிற்பேன் என்றுவிட்டேன்.

இரண்டு சங்கரா மீன்

அவளுக்கு விடுமுறை நாள் அது. நன்றாகத் தூங்கினாள். நான் எழுந்து கரைக்குப் போனேன். வீட்டு வாசலிலிருந்து பத்து எட்டு வைத்தால் கடல். ஒரு படகு வந்து நின்றது. படகுக்காரர் பேசினது எனக்கு விளங்கவில்லை, நான் பேசினது அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கைச்சாடையிலேயே பேரம் பேசி இரண்டு சங்கரா மீன் வாங்கிவிட்டேன். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு.

வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். எதிரே இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? ஒரு பாறையில் உட்கார்ந்தேன். செதில் தேய்த்தேன், குடலை எடுத்துக் கடலில் வீசினேன், மீனை நாலு தண்ணீர் அலசினேன், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

நமக்குப் பதினெட்டாம் கால்வாயில் பழகின புத்தி டீச்சர். கால்வாய்த் தண்ணீரில் எதைக் கழுவினாலும் நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். சோப்பு நுரை போகும், வேப்பங்கொழுந்து போகும், ஒரு தடவை என் பித்தளைச் சொம்பே போயிற்று. தண்ணீர் என்றால் போகிற சாமான் என்றே நினைத்து வளர்ந்துவிட்டோம். அங்கே அப்போது கடல் வற்றிக் கிடந்தது. சுற்றிலும் பாறை, நடுவில் குளம் மாதிரி தண்ணீர். நான் வீசினது எங்கேயும் போகவில்லை. ரத்தம் கூடாது என்று நந்தினி சொன்னாளே, அதை மனுஷ ரத்தம் என்று எடுத்துக்கொண்டேன். மீன் ரத்தமும் ரத்தம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கினேன். நந்தினி எழுந்தாள். "வா அப்பத்தா, இன்னைக்கு ஒன்னையக் கடல்ல எறக்குறேன்," என்றாள். கைகோத்துக்கொண்டு போனோம். அதற்குள் கடல் கொஞ்சம் ஏறியிருந்தது. இறங்கினது அதே பாறைக்குப் பக்கத்தில்.

சளார், சளார்

இப்போது அந்த முழங்கால் தண்ணீருக்கு வருகிறேன்.

பெரியது ஒன்று போயிற்றா, பின்னாலேயே சின்னதுகள் நாலைந்து. முழ நீளம், கை நீளம். பார்க்க அழகுதான். ஆனால் அவை போகவில்லை. வட்டம் போட்டன. வட்டம் சுருங்கியது.

நம் ஊரில் கால்வாயில் குளிக்கும்போது தண்ணீர்ப் பாம்பு வந்தால் என்ன செய்வோம்? இரண்டு கையாலும் தண்ணீரை அறைவோம். அது வளைந்து நெளிந்து ஓடிவிடும். சின்னப் பிள்ளையிலிருந்து செய்து பழகின கை, என்னிடம் கேட்கவா செய்யும்? சளார், சளார் என்று அறைந்தேன். "சூ! போ! போ அங்கிட்டு!" என்று கோழி விரட்டுவது போலக் கத்தினேன்.

ஓடவில்லை டீச்சர். கூப்பிட்ட மாதிரி கிட்டே வந்தன.

"தட்டாத அப்பத்தா! அடிபட்ட மீன் துடிக்கிற மாதிரி கேக்கும் அதுகளுக்கு! கையக் கட்டிக்க!"

கையைக் கட்டினேன். அப்போது இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. பின்னால் மிதந்துகொண்டிருந்த முந்தானையை அந்தப் பெரியது கவ்விவிட்டது. மீன் துடைத்த முந்தானை. என் வாழ்நாளில் வேற்று ஆண்பிள்ளை ஒருவன் என் முந்தானையைத் தொட்டதில்லை. ஒரு மீன் தொட்டது.

நானும் விடவில்லை. சின்னாளப்பட்டிச் சேலை, வாங்கி ஒரு தீபாவளிகூட முழுதாய்ப் போகவில்லை. அது அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க.

"சேலைய விடு அப்பத்தா!"

"விடமாட்டேன்! புதுச் சேலைத்தா!"

"வேற எடுத்துத் தாறேன், விடு!"

விட்டேன். அது இரண்டு உதறு உதறியது. துணியின் ருசி பிடிக்கவில்லை போலிருக்கிறது, துப்பிவிட்டது. அதற்குள் நந்தினி எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அது திரும்பின வேகத்தில் அதன் விலா அவள் கெண்டைக்காலில் உரசிப் போனது. சுறாத் தோல் மரம் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி இருக்குமாம். ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு. ரத்தம் தண்ணீரில் நூல் நூலாகப் பிரிந்தது.

அந்த நேரத்தில் அவள் செய்ததைத்தான் நான் பார்க்கப் போயிருக்கிறேன். கத்தவில்லை. ஓடவில்லை. கண்ணை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. ஒரு கையால் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே, அதைப் பார்த்தபடி, பைய ஒவ்வோர் அடியாகக் கரைக்கு வந்தாள். அது வலது பக்கம் போனால் இவள் முகமும் வலது பக்கம் போனது.

"முதுகக் காட்டாத அப்பத்தா. நாம பாக்குறோம்னு அதுக்குத் தெரியணும். தெரிஞ்சா போயிரும்."

இது எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் நாய் இருக்கிறதே, கோம்பை நாய், அதன் முன்னால் திரும்பி ஓடினவன் வேட்டியோடு வீடு வந்ததில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பவனை அது குரைத்து அனுப்பிவிடும். நாய்க்குச் செய்வதை மீனுக்குச் செய்தேன். கரை வந்தது. மணலில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

நந்தினி பாறையைப் பார்த்தாள். செதில் சிதறிக் கிடந்தது.

"இங்கன யாரு அப்பத்தா மீன் கழுவுனது?"

நான் கடலைப் பார்த்தேன். "யாராச்சும் கழுவியிருப்பாக."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். என் மணிக்கட்டில் ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் எடுத்து மணலில் போட்டாள்.

"காலில் என்ன கட்டு?"

சாயங்காலம் முருகேசன் வீடியோவில் வந்தான். பின்னால் என் மருமகள் எட்டிப் பார்த்தாள். நந்தினி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது கால் தெரிந்துவிட்டது.

"கால்ல என்ன கட்டு?"

"பாறை கீறிருச்சுப்பா. ஒண்ணுமில்ல," என்றாள் நந்தினி, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்காகச் சொன்ன பொய் அது. அவள் பிழைப்புக்காகவும்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் டீச்சர், என் கண்ணை நம்பித்தானே என்னை அனுப்பினான்? நான் பாறை என்று சொல்லி, அவன் நம்பி, நாளைக்கு உண்மை தெரிந்தால் இந்தப் பிள்ளை வாயிலிருந்து வருகிற எதையுமே நம்பமாட்டான். அதோடு முடிந்தது.

"பாறை இல்லடா. சுறா," என்றேன்.

அந்தப் பக்கம் மருமகள், "அய்யோ!" என்று ஒரு கத்து வைத்தாள் பாருங்கள். ஊருக்குள் சேதி கிளம்பினது அந்தக் கத்தலில்தான் என்று நினைக்கிறேன். முருகேசன் முகம் வெளுத்துப்போனது.

"போதும். நாளைக்கே ரெண்டு பேரும் கெளம்புங்க. வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

நந்தினி எழுந்து வெளியே போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். சொன்னால் சொன்ன வாக்கு. ஒவ்வொன்றாக எடுத்து மடித்துத் தோளில் போட்டாள். அதைப் பார்த்ததும் போனை என் பக்கம் திருப்பினேன்.

"ஏலே முருகேசா, பாத்துட்டு வந்து சொல்லுன்னு எங்கிட்டத்தான சொல்லிவிட்ட? நான் இன்னும் சொல்லல."

"என்னத்தச் சொல்ல இருக்கு ஆத்தா? கடிச்சுருச்சுல்ல?"

"அவளக் கடிக்கல. உரசிட்டுப் போச்சு. கடிச்சது எஞ்சேலைய. சேலையில மீன் ரத்தத்தத் தொடச்சது நான். குடலக் கடல்ல வீசுனது நான். போன்னு அறையிறதா நெனச்சு வான்னு கூப்புட்டதும் நான். அத்தனையும் செஞ்சுட்டு, ஒண்ணுந் தெரியாதவ மாதிரி நின்னேன். ஒம்மக எனக்கு முன்னால வந்து நின்னா. கண்ணச் சிமிட்டலடா அவ. நீ பன்னி வெரட்டப் போறப்பக்கூட உங்கையி நடுங்கும், நான் பாத்துருக்கேன். அவ கை நடுங்கல. எம்மேலதான இருந்துச்சு அந்தக் கை."

முருகேசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"ஒனக்கு யாரையாவது இங்கனயிருந்து கூட்டிட்டுப் போயே ஆகணும்னா என்னையக் கூட்டிட்டுப் போ. இந்தக் கடல்ல ஆபத்துன்னா அது ஒங்காத்தா ஒருத்திதான். அவ இருக்கட்டும்."

துணிக்கொடிப் பக்கம் திரும்பினேன். ஒரு பாவாடையைப் பாதி மடித்தபடி நந்தினி நின்றிருந்தாள்.

முருகேசன் கீழே பார்த்தான், மேலே பார்த்தான், தொண்டையைச் செருமினான். பிறகு கேட்டான்:

"அப்ப மீன் கழுவுன தண்ணிய அங்கன எங்கதான் ஊத்துவீக?"

நந்தினி ஓடி வந்தாள். "வீட்டுக்குப் பின்னால ரெண்டு தென்ன நிக்குதுப்பா. அதுக்கு ஊத்துவேன்."

"தூர்ல ஊத்தாத. ரெண்டடி தள்ளி, வட்டமா ஊத்து. நல்லாக் காய்க்கும்," என்றான் முருகேசன்.

அவன் சரி என்று சொன்னதே அதுதான் டீச்சர். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வராது, அவன் அப்பாவும் அப்படித்தான். நந்தினி மடித்த துணியெல்லாம் தோளில் கிடக்க, முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று எனக்கே தெரியவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே நான்...

அடடா, சாரல் விழுகிறது பாருங்கள்! மலையை மூடிவிட்டது. மாடியில் மோர் மிளகாய் காயப் போட்டிருக்கிறேன், ஒரு மாத வேலை நனைந்துவிடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்து முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் டீச்சர், ஓடி வாருங்கள்!